வேலை விண்ணப்பத்தில் வீட்டுக் கஷ்டத்தை எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: தேவகோட்டை வாசகி, 3 ஜூன் 2024

பி.இ. ஈசிஇ. 2015-ல் சேர்ந்தேன், 2019 ஏப்ரலில் முடிந்திருக்க வேண்டும். ஆறாவது செமஸ்டரில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்பா இல்லை. தம்பி அப்போது பத்தாவது. 21 நாளைக்கு ஒரு முறை கீமோவுக்கு அம்மாவை மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனது நான்தான். ஆறு, ஏழு இரண்டு செமஸ்டரும் சேர்த்து 9 அரியர். 2019 நவம்பர் தேர்வுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். டிகிரி கைக்கு வந்தபோது லாக்டவுன். அப்புறம் டியூஷன், ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு. சம்பளம் கையில்தான். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். சென்னை, கோவை கம்பெனிகளில் கேட்பது ஒன்றே ஒன்று: ஏன் இத்தனை அரியர், ஏன் இவ்வளவு கேப்? உண்மையைச் சொன்னால் பரிதாபம் தேடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கூடப் படித்தவர்கள் காசு கொடுத்து எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொள் என்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்: 3 ஜூன், இரவு 9.40

அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இது முதலில்.

2003 முதல் 2013 வரை சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். வேலை உறுதியானதும் பின்னணி விசாரணை தொடங்கும். பழைய கம்பெனிக்குப் போன் போகும். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் கேட்பார்கள். 2014-ல் யூஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பிஎஃப் எண்) வந்த பிறகு இன்னும் சுலபம். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்று பிஎஃப் பதிவே சொல்லிவிடும். பொய்ச் சான்றிதழ் வாங்கியவர், 20 பேருக்கு மேல் வேலை செய்த, பிஎஃப் பிடிக்க வேண்டிய கம்பெனி என்று எழுதியிருப்பார், பிஎஃப் பக்கத்தில் ஒரு வரி இருக்காது. அங்கேயே மாட்டிக்கொள்வார்.

2011-லேயே ஒரு பையன் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துப் பொய்ச் சான்றிதழால் மாட்டினான். நல்ல வேலைக்காரன். அனுப்புவது என்று முடிவான பிறகு என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னான்: அப்பா இறந்து, கடையை மூடி, கடன்காரர்களுக்குப் பதில் சொல்வதிலேயே ஒன்றரை வருடம் போயிருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் நாங்கள் அவனை எடுத்திருப்போம். இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் அது நெஞ்சில் கிடக்கிறது.

உங்களுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதை மூன்று வரியில் சொல்லுங்கள். இப்படி:

"2018 ஜனவரி முதல் 2019 மார்ச் வரை என் தாயாரின் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது உடனிருந்தேன். அந்தக் காலத்தில் விடுபட்ட 9 தாள்களையும் 2019 நவம்பருக்குள் எழுதித் தேர்ச்சி பெற்றேன். சிகிச்சை முடிந்துவிட்டது, வெளியூரில் தங்கி வேலை செய்ய எனக்குத் தடை ஏதும் இல்லை."

மாதத்தை உங்கள் கணக்குப்படி திருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே மூன்று வரிதான். மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் ஓடுகிற கேள்வி "என்ன நடந்தது" என்பது இல்லை. "மறுபடி நடக்குமா, பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவாளா" என்பதுதான். வெளியே கேட்க மாட்டார்கள். கேட்காத கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட வேண்டும்.

அப்பா இல்லை, தம்பி பத்தாவது என்பதெல்லாம் வேண்டாம். எடுத்துவிடுங்கள்.

4 ஜூன், காலை 6.15

எங்கே எழுதுவது என்று நேற்று சொல்லாமல் விட்டேன். ரெஸ்யூமுக்குள் எழுதாதீர்கள். அது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லும் தாள். விண்ணப்பப் படிவத்தில் இடைவெளிக்குக் காரணம் கேட்டுக் கட்டம் கொடுத்திருந்தால் அங்கே ஒரு வரி. கட்டம் இல்லை என்றால் கவர் லெட்டரில் கடைசிக்கு முந்தைய பத்தியில் அந்த மூன்று வரி. முதல் பத்தியில் வேண்டாம். முதலில் அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்று சொல்லுங்கள். அதைப் படித்து இவளைக் கூப்பிடலாமே என்று தோன்றிய பிறகு அரியரைப் பார்த்தால், பார்க்கிற பார்வை வேறு.

4 ஜூன், பகல் 1.30

அரியர் என்றால் இரண்டு வகை. கம்பெனி விளம்பரத்தில் 'ஸ்டாண்டிங் அரியர் கூடாது' என்று இருந்தால் இன்றைக்கு பாக்கி இருக்கக் கூடாது என்று மட்டும்தான் அர்த்தம். உங்களுக்குப் பாக்கி கிடையாது, அங்கே விளக்கமே தேவையில்லை, தாராளமாகப் போடலாம். 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' கூடாது என்று போட்டிருப்பவர்கள்தான் பழையதையும் தோண்டுகிறவர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் என்று கணினி வடிகட்டும் இடங்களும் அப்படித்தான். அங்கே எவ்வளவு அழகாக எழுதினாலும் படிக்க ஆள் இல்லை. நேரத்தை அங்கே செலவழிக்காதீர்கள். மனிதர் படிக்கிற இடமாகப் பார்த்து அனுப்புங்கள்: நடுத்தரக் கம்பெனி, தெரிந்தவர் மூலம் போகிற விண்ணப்பம், நேரில் வரச் சொல்லும் இடம்.

5 ஜூன், இரவு

கேள்வியைத் திரும்பப் படித்தேன். ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். தங்கச்சி, ஆத்தங்குடியில் கணக்கு எழுதியதை நீங்கள் கேப் என்று ஏன் சொல்கிறீர்கள்?

சம்பளம் கையில் வந்தால் அது வேலை இல்லை என்று யார் சொன்னது? அந்தப் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, ஒவ்வொன்றும் கையால் செய்வது. தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு எடுத்துக் காய வைக்க வேண்டும், இன்றைக்குச் செய்ததை இன்றைக்கே விற்க முடியாது. அதற்குக் கணக்கு எழுதுவது என்றால் எத்தனை சதுர அடி ஆர்டர், எத்தனை ஊறுகிறது, எத்தனை காய்கிறது, ஏற்றும்போது எத்தனை உடைந்தது, கூலி வாரக் கணக்கா சதுர அடிக் கணக்கா, ஜிஎஸ்டி பில் யார் போட்டார்கள் என்று அத்தனையும் உங்கள் கையில் இருந்திருக்கும். அதை எழுதுங்கள். எத்தனை வருடம், தினம் எத்தனை ஆர்டர், எந்த மென்பொருள். பட்டறைக்காரரிடம் அவர் பில் அச்சடித்திருக்கும் தாளிலேயே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ன வேலை பார்த்தீர்கள் என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிஎஃப் பிடிக்கவில்லை, சம்பளம் ரொக்கம் என்பதையும் அவரே எழுதட்டும். அது காசுக்கு வாங்கும் சான்றிதழ் இல்லை. போன் செய்து கேட்டால் அவர் பதில் சொல்வார்.

டியூஷனும் அப்படித்தான். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, என்ன பாடம் என்று ஒரு வரி.

இதை எல்லாம் எழுதிப் பாருங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய இடைவெளி நீங்கள் நினைப்பதில் பாதிகூட இருக்காது.

8 ஜூன், இரவு 11

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள் இரண்டு பேர். சொல்கிறேன்.

2013-ல் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. நான் வேலையை விட்டுவிட்டுப் பள்ளத்தூருக்கு வந்தேன். எங்கள் வீடு பல பங்காளிகளுக்குச் சொந்தமான பெரிய வீடு, ஆனால் குடியிருந்தது அப்பச்சி, ஆத்தா, நான் மூன்று பேர்தான். மற்ற அறைகள் எல்லாம் பூட்டு. இரவு அப்பச்சியைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும், ஆத்தாவுக்கு முதுகு வலி. மூன்று வருடம் ஓடிற்று. 2016 ஆவணியில் அப்பச்சி போனார்.

அடுத்து வந்த தை மாதம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பத்து வருடம் மற்றவர்கள் விண்ணப்பத்தைப் படித்தவள், எனக்கென்று வந்தபோது ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மருத்துவர் சொன்னது, பிசியோதெரபி, குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தது, எல்லாம். எழுதும்போது அது விண்ணப்பம் என்பதே மறந்துபோயிற்று. அதுவரை யாரிடமும் சொல்லாததை அந்தத் தாளிடம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நேர்முகத்தில் மூன்று பேர். ஒருவர் அந்தப் பக்கத்தை எடுத்து நடுவில் இருந்து இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார். கேலியாகப் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டத்தான் படித்தார். ஆனால் என் அப்பச்சியின் வாயில் குழாய் போட்டதை ஓர் அந்நியர் குளிர்சாதன அறையில் படிக்கக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. அதன் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்தேன். முன்பின் தெரியாத ஒருவர் சத்தமாகப் படித்தால் என்னால் தாங்க முடியுமோ அதை மட்டும் எழுதுவது. இன்று வரை யார் கேட்டாலும் நான் சொல்லும் அளவுகோல் இதுதான். எழுதியதை வேறு ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தில் நமக்கு முகம் சுருங்குகிறதோ அந்த இடம் வெளியே.

அடுத்த விண்ணப்பத்தில் நான் எழுதியது: "2013 முதல் 2016 வரை பக்கவாதம் வந்த தந்தையைப் பராமரித்தேன். இப்போது அந்தப் பொறுப்பு இல்லை." காரைக்குடியில் வேலை கிடைத்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

9 ஜூன்

கோட்டையூர்த் தம்பி, 2021-ல் பிளஸ் டூ முடித்தவர்கள் கொரோனாவுக்கு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். அந்த வருடம் தேர்வு ரத்தானது தமிழ்நாடு முழுக்க. பத்தாவதில் 50, பதினொன்றாவதில் 20, பன்னிரண்டாவது செய்முறை, அகமதிப்பீட்டில் 30 என்று கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. எல்லோருக்கும் நடந்ததைக் காரணமாக எழுதினால் உங்களுக்கென்று இருக்கும் காரணமும் அதோடு சேர்ந்து எடுபடாமல் போகும்.

11 ஜூன், மாலை

டிஎன்பிஎஸ்சிக்கு எப்படி எழுதுவது என்று கேள்வி வந்திருக்கிறது. எழுதவே முடியாது. அங்கே உங்கள் கஷ்டம் ஒரு சான்றிதழாக மாறினால்தான் கணக்கில் வரும். கணவர் இறந்து ஆதரவு இல்லாமல் இருக்கிறீர்களா, கோட்டாட்சியரிடம் ஆதரவற்ற விதவைச் சான்று. உடல் குறைபாடா, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறனாளிச் சான்று. தமிழ் வழியில் படித்தீர்களா, அதற்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு, படித்த ஒவ்வொரு இடத்திலும் சான்று வாங்க வேண்டும். அம்மாவுக்குக் கீமோ கொடுத்தோம் என்பதற்குக் கட்டம் கிடையாது. ஏன் அரியர் வந்தது என்றும் கேட்க மாட்டார்கள். அறிவிக்கை தேதியில் தகுதி கையில் இருக்கிறதா, அதுதான் கேள்வி.

இது கொடுமையா நல்லதா என்று நெடுநேரம் யோசித்தேன். நம் வீட்டுக் கதையை யாரிடமும் சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து உள்ளே போக முடிகிறதே, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. 9 அரியர் வைத்த பெண்ணும் தங்கப் பதக்கம் வாங்கிய பெண்ணும் அந்தத் தேர்வு அறையில் ஒரே மாதிரிதான் உட்காருகிறார்கள். தங்கச்சி, கம்பெனிகளோடு சேர்த்து இதையும் எழுதிப் பாருங்கள்.

15 ஜூன், இரவு

'விளக்கம் சொல்வதே தாழ்ந்து போவது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஐயாவை, அப்பச்சியின் அப்பாவை, பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐயா 1938-ல் 16 வயதில் பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பையன்) ரங்கூன் போனார். மொகல் தெருவில் கடை. கடை என்றால் வட்டிக்கடை, நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சீக்கிரமே பேரேடு எழுதும் அளவுக்கு வந்துவிட்டார். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். மாசி மாதம் கடையை மூடிவிட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. புரோமில் இருந்து மலையைத் தாண்டி டவுங்கப் வரை நடை, அப்புறம் படகில் அக்யாப், சிட்டகாங், கல்கத்தா. கூட வந்த தம்பி வழியில் காலராவில் போய்விட்டார். ஐயா வைகாசியில் ஊர் வந்து சேர்ந்தார். வயது 20, கையில் எதுவும் இல்லை.

அந்த ஆவணியில் மதுரையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கடிதம் போட்டார். ஏழெட்டு வரிதான் என்று அப்பத்தா சொல்வார்கள். மேலே சிவமயம். ரங்கூனில் மூன்று வருடம் பேரேடு எழுதினேன், மாசியில் கடை மூடிற்று, நடந்து வந்து வைகாசியில் ஊர் சேர்ந்தேன், கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவர முடியவில்லை, என்னைப் பற்றி முதலாளியிடம் விசாரிக்கலாம், உத்தரவு வந்தால் அடுத்த நாளே வருவேன். அவ்வளவுதான். தம்பி இறந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவர முடியவில்லை என்று தானாகச் சொன்னார் பாருங்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது. மறைத்திருக்கலாம். ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் எல்லாம் சேர்த்த முடிவுக் கணக்கு) போடும்போது எங்கே இடிக்கிறதோ அந்த இடத்தை முதலில் காட்டிவிட வேண்டும், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள் என்று ஐயாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் எங்கேயும் தாழ்ந்து போகவில்லை. அந்த மதுரைக் கடையில் 31 வருடம் இருந்தார்.

16 ஜூன்

பர்மாக் கதையைக் கேட்டு நிறையப் பேர் தங்கள் வீட்டுக் கதைகளை எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். புதுவயல்காரர் எழுதிய, மணிப்பூர் வழியாக வந்த பாட்டியின் கதையை இரண்டு தடவை படித்தேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே புதைந்துபோகக் கூடாது.

19 ஜூன், காலை

சிராவயல் மஞ்சுவிரட்டில் நடந்த கைகலப்பில் பேர் சேர்க்கப்பட்டு, பிறகு விடுதலையான தம்பிக்கு.

இது அரியர் மாதிரி இல்லை, மூன்று வரி எழுதித் தப்பிக்கும் விஷயமும் இல்லை. படிவத்தில் "உங்கள் மீது வழக்கு இருந்ததா" என்று கேட்டால் இருந்தது என்றுதான் எழுத வேண்டும். விடுதலையானாலும் சரி, சமாதானமாகிப் போனாலும் சரி. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் அதைக் கொண்டே நீக்கலாம். சின்ன வயதில் நடந்த அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்ன பிறகும் உங்கள் பின்னணியைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆகவே சொன்னால் கட்டாயம் கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் மறைத்தால் அந்த அற்ப வழக்கோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். தீர்ப்பு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல் துறைக்குப் போகிறீர்கள் என்றால் எழுதுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். அங்கே விதிகள் இன்னும் கடுமை.

கேட்காத இடத்தில் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

22 ஜூன், இரவு 10.20

ஒரு பெண் தனிச் செய்தியில் கேட்டதற்கு, பெயர் சொல்லாமல் இங்கே பதில் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

உங்களுக்கு மன நோய்க்குச் சிகிச்சை நடந்தது, ஒரு வருடம் வேலை இல்லை. அந்த நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. "உடல்நலக் காரணங்களால் 2022 முழுவதும் ஓய்வில் இருந்தேன். சிகிச்சை பெற்றுக் குணமாகி 2023 முதல் முழு நேரம் வேலை செய்கிறேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனமும் உடல்நலத்தில் சேர்ந்ததுதான். நேரில் துருவினால், "அது முடிந்துவிட்டது, இந்த வேலைக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். எச்ஐவிக்கு 2017 சட்டமே இருக்கிறது. வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது. மற்ற நோய்களுக்கு அவ்வளவு தெளிவான காவல் கிடையாது, அதனால் நம் வாயைத்தான் நாம் காவல் வைக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்துக்கு மேலே நேரடியாகக் குறிப்பிட்ட நோயைப் பற்றிக் கேட்டிருந்தால் மட்டும் பொய் எழுதாதீர்கள்.

பொய்க்கும் பேசாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இந்த இழையில் போதுமான அளவு பிரித்துச் சொல்லவில்லை. முதல் நாள் கோபத்தில் எழுதியதைப் படித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் அது என் தவறு.

23 ஜூன்

பிள்ளை பெற்ற இடைவெளிக்கு விளக்கம் கேட்கும் இடங்களைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். "இரண்டு வருடம் குழந்தை வளர்ப்பு" என்று ஒரு வரி போதும். அதற்கு மேல் வருத்தம் தெரிவிக்கும் தொனியில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்கிற மேஜைக்கு எதிரில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 2017-ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிச் சட்டம் வந்ததிலிருந்து அந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

30 ஜூன், இரவு 12

ஐயாவின் கடிதத்தைப் பற்றி நான் எழுதியது தவறு.

இதைப் படித்த அத்தை சிங்கப்பூரில் இருந்து போன் செய்தார்கள். "நீ பார்த்தியா அந்தக் கடுதாசியை? அப்பத்தா சொன்னதை வச்சு எழுதாதே. அனுப்புற கடுதாசிக்கு எல்லாம் எங்க அப்பச்சி நகல் வச்சிருப்பாக, தேடிப் பாரு" என்றார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. வளவில் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) எங்கள் பங்குக்கு வந்த அறையைத் திறந்து டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு நீள நோட்டில், பென்சிலில், இருக்கிறது. சித்திரபானு வருடம் ஆவணி.

நான் சொன்ன எல்லாம் அதே வரிசையில் இருக்கின்றன. கடை, மாசி, நடை, வைகாசி, கணக்குப் புத்தகம். ஆனால் "நடந்து வந்தோம்" என்பதற்கும் "வைகாசியில் ஊர் சேர்ந்தேன்" என்பதற்கும் நடுவில் ஒரு வரி: "வழியில் தம்பி தவறிவிட்டான்."

அப்பத்தாவுக்கு அந்த வரி தெரியாமல் இருந்திருக்கும். அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. தம்பியைப் பற்றி வீட்டில் பேசினால் ஐயா எழுந்து போய்விடுவார் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பேசாதவர், முகம் தெரியாத ஒரு முதலாளிக்கு எழுதியிருக்கிறார்.

இரண்டு மணி நேரம் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரி அங்கே இல்லை என்றால் கடிதம் புரியாது. "வந்தோம்" என்று பன்மையில் போனது "சேர்ந்தேன்" என்று ஒருமையில் ஏன் முடிகிறது? கணக்குப் புத்தகத்தை ஏன் விட்டார்? தம்பிக்கு உடம்பு முடியாதபோது அவர் தோளில் வேறு எதைச் சுமந்திருக்க முடியும்? அவர் அதை விளக்கவில்லை. மூன்று சொல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

நான் இந்த இழையின் முதல் நாளில் அப்பா இல்லை, தம்பி பத்தாவது என்பதை எடுத்துவிடச் சொன்னேன். அன்றைக்கு அதை அழுகை என்று நினைத்தேன். எனக்கு நேர்முகத்தில் நடந்ததால் அப்படி நினைத்திருக்கிறேன். என் ஒன்றரைப் பக்கத்துக்கும் உங்கள் அரை வரிக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. அப்பா இல்லை என்பது அழுகை இல்லை, தங்கச்சி. அதைச் சொல்லாவிட்டால், மதுரைக்கு வேறு யாராவது கூடப் போயிருக்கலாமே, படிக்கிற பெண் ஏன் போனாள் என்று படிப்பவர் நினைப்பார். மறுபடி சேருங்கள். தம்பி பத்தாவது என்பதும் வேண்டும். வீட்டில் இருந்த பெரிய ஆள் நீங்கள் ஒருத்திதான் என்பது அதில்தான் தெரிகிறது.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னேனே, அந்த அளவுகோலையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முகம் சுருங்கும் வரி எல்லாமே வெளியே போக வேண்டியது இல்லை. அந்த ஒன்று இல்லாமல் மற்றது புரியாது என்றால் அது இருக்கட்டும். சுருக்கமாக இருக்கட்டும்.

2 ஜூலை, காலை 5.50

உங்கள் வரைவைப் பார்த்தேன். "என் தந்தை இல்லை, தம்பி பள்ளி மாணவன். ஆகவே 2018 ஜனவரி முதல் 2019 மார்ச் வரை தாயாரின் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது நான் உடனிருந்தேன்" என்பது நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு "துரதிர்ஷ்டவசமாக 9 தாள்கள் தவறின" என்று எழுதியிருக்கிறீர்கள். 'துரதிர்ஷ்டவசமாக' வேண்டாம். தவறின, எழுதினேன், தேறினேன் என்று போகட்டும். பட்டறை வேலை பற்றிய பத்தியை மேலே கொண்டுவந்தது சரி. மாதம் சராசரியாக எத்தனை சதுர அடி என்பதை மட்டும் பட்டறைக்காரரிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நேரில் கேட்பார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்க வேண்டாம். பையில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள், அது அவர்களுடைய தாள்.

5 ஜூலை கடைசி நாள் என்றீர்கள். இன்றே அனுப்பிவிடுங்கள். கோவையில் கூப்பிட்டால் எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், எந்த பஸ் சரியாக இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.